ஏற்றுவதற்கென்று செய்தவை

நான் செய்து கொடுத்த அலங்கார மெழுகுவர்த்திகளில் பல இன்னும் ஏற்றப்படாமல் கண்ணாடி அலமாரிகளில் நிற்கின்றன. கல்யாண ஃபோட்டோவுக்கு முன்னால், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவில். "இவ்வளவு அழகா இருக்கு, கொளுத்த மனசே வரல அத்தை" என்று எதிர்வீட்டுப் பெண் சொல்வாள். அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. அதன் இதழ்களையும் வண்ண அடுக்குகளையும் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேனோ, அதைவிடக் கூடுதலாக யோசித்தது உள்ளே ஓடும் திரியைப் பற்றி. அவள் அதை இன்னும் பார்க்கவே இல்லை. அலமாரியில் வைத்த மெழுகில் தூசி ஒட்டும், பிறகு துடைத்தாலும் போகாது. ஜன்னல் வெயில் படுகிற பக்கம் சாயம் வெளுக்கும். இரண்டு சித்திரை கடந்தால் மெல்லிய இதழ்கள் தொங்கிவிடும்.

வீட்டில் இதைப் பொழுதுபோக்காகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் வடிவத்தில்தான் தொடங்குகிறார்கள். ரோஜா அச்சு, பிள்ளையார் அச்சு, நட்சத்திர அச்சு என்று சிலிக்கான் அச்சுகளை வாங்கிச் சேர்த்துவிட்டு, கடைசியில் "திரி என்ன போடலாம்?" என்று கேட்கிறார்கள். என் முறை நேர் எதிர். முதலில் சுடர். எவ்வளவு அகலத்துக்கு மெழுகை அது உருக்கும், எத்தனை மணி நேரம் நிற்கும், உருகியது எந்தப் பக்கம் வழியும் என்பது தெரிந்த பிறகுதான் அதைச் சுற்றி என்ன அலங்காரம் செய்யலாம் என்று முடிவு செய்ய முடியும்.

பார்க்கிறவர் கண்ணுக்குத் திரி எரிவதாகத் தெரியும். உண்மையில் எரிவது மெழுகு. அதிலும் கட்டி மெழுகோ உருகிய மெழுகோ அல்ல, ஆவியான மெழுகு. சுடரின் சூட்டில் உச்சி உருகிச் சின்னக் குளமாகிறது. அந்தத் திரவம் நூலிழைகளின் இடுக்கு வழியே மேலேறி, நுனிக்கு அருகே ஆவியாகி, காற்றோடு சேர்ந்து எரிகிறது. நாம் பார்க்கிற மஞ்சள் ஒளி, இன்னும் எரிந்து முடியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வது. சுடரின் விளிம்புக்குப் போய்ச் சேருவதற்குள் அவை முழுவதும் எரிந்துவிட்டால் நல்ல மெழுகுவர்த்தி. எரியாமல் தப்பினால் அது புகை. சுவரில் கரியாகப் படியும்.

மைக்கேல் ஃபாரடே 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மெழுகுவர்த்தி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு எரிதல், நீர், காற்று, மூச்சு வரைக்கும் போனார். அதில் அவர் காட்டிய ஒன்றை நம் வீட்டிலும் காட்டலாம். காற்றாடியை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் எரிந்த மெழுகுவர்த்தியை மெதுவாக அணைக்க வேண்டும். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு இழை எழும். திரிக்கு ஓர் அங்குலம் மேலே அந்த இழையில் தீக்குச்சியைக் காட்டினால், நெருப்பு அதன் வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெள்ளை இழைதான் மெழுகின் ஆவி. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு அச்சுகளைக் காட்டுவதற்கு முன்னால் இதைக் காட்டிவிடுவேன். பார்த்த பிள்ளை அதற்குப் பிறகு திரியை அலட்சியம் செய்வதில்லை.

திரியின் வேலை சுடருக்கு மெழுகை அளந்து கொடுப்பது. தடித்த திரி அளவுக்கு மேல் இழுக்கும். சுடர் உயர்ந்து ஆடும், புகையும், நுனியில் கரி உருண்டை கட்டும். மெல்லிய திரி ஓரத்து மெழுகைத் தொடாமல் நடுவில் மட்டும் குழி பறித்துக்கொண்டு இறங்கும். கடைசியில் தன் மெழுகிலேயே மூழ்கி அணையும். அகல் விளக்குக்குத் திரிக்கிற பஞ்சுத் திரி இதற்கு ஆகாது. அகலில் திரி ஓரமாகப் படுத்திருக்கிறது, எரிய எரிய நாம் விரலால் தூண்டிவிடுகிறோம். மெழுகுவர்த்தியில் தூண்டிவிட ஆளில்லை. முறுக்கிய நூல் நேராக நிமிர்ந்து சுடரின் நடுவில் நிற்கும். அங்கே காற்று போதாது, ஆகவே எரிந்து தீராமல் கருகிக்கொண்டே நீளும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் வைத்துக்கொண்டு கருகலை வெட்டிக்கொண்டே இருந்தார்கள். 1825இல் பிரான்சில் கம்பாசெரே என்பவர் நூலை முறுக்காமல் பின்னிப் போட்டார். பின்னல் திரி எரியும்போது தானாக ஒரு பக்கம் வளையும்; நுனி சுடரின் விளிம்புக்கு வெளியே எட்டும்; அங்கே காற்று கிடைப்பதால் சாம்பலாகி உதிர்ந்துவிடும். நல்ல மெழுகுவர்த்தியைக் கிட்டத்தில் பாருங்கள். திரியின் நுனி சற்றே சாய்ந்து, சுடருக்கு வெளியே செம்புள்ளியாகக் கனன்றுகொண்டிருக்கும். மெழுகுவர்த்தியில் நான் மிகவும் விரும்பிப் பார்க்கிற இடம் அதுதான். இதழும் வண்ணமும் அதற்குப் பிறகு.

பின்னல் திரி கடையில் எண் போட்டுக் கிடைக்கும். ஒரு கம்பெனியின் எண்ணும் இன்னொரு கம்பெனியின் எண்ணும் ஒத்துப்போகாது. ஆகவே எரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதே அச்சு, அதே மெழுகு, மூன்று அளவுத் திரி. மூன்றையும் காற்றில்லாத அறையில் பக்கம் பக்கமாக ஏற்றி, சுடர் உயரத்தையும் குளத்தின் அகலத்தையும் மணிக்கு ஒருமுறை நோட்டில் குறிக்க வேண்டும். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. 3 அங்குல மெழுகுவர்த்தியில் 3 மணி நேரத்தில் குளம் ஓரத்தை நெருங்கி, அரை சென்டிமீட்டர் சுவரை விட்டுவைத்தால் அந்தத் திரி சரி. சாயத்தை மாற்றினாலோ வாசனை சேர்த்தாலோ திரும்பவும் பார்க்க வேண்டும், ஏனென்றால் திரி இழுக்கிற வேகம் மாறிவிடும். வாங்கிய திரியை உருகிய மெழுகில் போட்டு, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவைத்து, எடுத்து நேராக இழுத்துக் காயவைப்பது முக்கியம். இழைக்குள் இருக்கும் காற்றும் ஈரமும் அப்போதுதான் வெளியேறும். வீட்டிலேயே பின்னுகிறவர்கள் அதற்கு முன் வெங்காரமும் உப்பும் கரைத்த நீரில் நூலை ஊறவைத்து நன்றாக உலர்த்திக்கொள்வார்கள். பொற்கொல்லர்கள் பற்றவைக்க வைத்திருக்கும் அதே வெங்காரம்தான். நூல் நிதானமாக எரியும், அணைத்த பிறகு கனன்றுகொண்டே இருக்காது. உள்ளே உலோகக் கம்பி ஓடும் திரி எது கிடைத்தாலும் தொடாதீர்கள். ஈயக் கம்பித் திரியை அமெரிக்கா 2003இல் தடை செய்துவிட்டது. நமக்குக் கிடைக்கிற கம்பி ஈயமா வேறா என்று கண்ணால் சொல்ல முடியாது.

மெழுகுக்கு வருகிறேன். இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வந்து நிற்கும். நான் இருப்பது திருச்சியில். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறைகள் எல்லாம் 20 டிகிரி அறையை மனதில் வைத்து எழுதியவை. சித்திரையில் என் அடுப்படி 38 டிகிரியில் இருக்கும்போது அந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அவர்கள் கொண்டாடுகிற சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டி உருகுவது. அதில் செய்த தூண் நம் கோடையில் தொட்டால் பிசுபிசுக்கும், மேலே எண்ணெய் கசியும். கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றினால் மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

நமக்குக் கைகொடுப்பது பாரஃபின். கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய் எடுக்கும் வழியில் பிரிகிற மெழுகு. சென்னை மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலும் தயாராகிறது. தீக்குச்சியைப் பற்றி எரியவைப்பதும் இதே பாரஃபின்தான், குச்சியின் தலைப்பக்கம் அதில் தோய்த்திருப்பார்கள். வெள்ளைப் பாளமாகக் கிடைக்கும். வாங்கும்போது உருகுநிலையைக் கேட்டு வாங்க வேண்டும். அச்சில் ஊற்றும் தூணுக்கு 58-60 டிகிரி ரகத்துக்குக் கீழே நான் போவதில்லை. அதோடு நூறுக்குப் பத்துப் பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பேன். பெயர்தான் அமிலம், கையில் எடுத்தால் வெள்ளைச் செதில், தூய்மையாக இருந்தால் 69 டிகிரியில் உருகும். மெழுகைக் கெட்டிப்படுத்தும், பால்வெண்மை கொடுக்கும், ஆறும்போது சுருங்கி அச்சிலிருந்து தானாக விலக வைக்கும். கொழுப்பிலிருந்து இதைப் பிரித்தறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல், இன்னொரு வேதியியலாளரான கே-லூசாக்கோடு சேர்ந்து 1825இல் மெழுகுவர்த்திக்காகக் காப்புரிமை எடுத்தார். பின்னல் திரி வந்த அதே ஆண்டு. ஸ்டியரிக் சேர்த்த மெழுகைப் பித்தளையிலோ செம்பிலோ காய்ச்சக் கூடாது, பச்சை ஏறிவிடும். எவர்சில்வர், அலுமினியம் போதும்.

வெயிலுக்கு மெழுகைப் பழக்குவது நம் பக்கத்தில் புதிய வித்தை அல்ல. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற ஸ்தபதிகள் முதலில் மெழுகில்தான் உருவம் பிடிக்கிறார்கள். தனித் தேன்மெழுகு குழையும் என்பதால் அதோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிக்கொள்வார்கள். விரல் சூட்டில் வளைய வேண்டும், ஆனால் மூக்கும் நகமும் வெயிலில் மழுங்கிவிடக் கூடாது. அந்தக் கலவையை எரிக்க முடியாது, குங்கிலியம் திரியை அடைத்துவிடும். ஆனால் எவ்வளவு கடினம் சேர்த்தால் எவ்வளவு வளையும் என்று அவர்கள் கையால் அறிகிற பக்குவத்தைத்தான் நானும் தேடுகிறேன். கைவேலைப் பூக்களுக்குப் பாரஃபினில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்தால் தகடு ஒடியாமல் மடியும். தவிட்டு எண்ணெய் சுத்திகரிப்பில் கிடைக்கிற தவிட்டு மெழுகு 75 டிகிரிக்கு மேல்தான் உருகும். கோடைக்கென்று செய்கிறபோது அதைச் சிறிது சேர்த்தால் தூண் அசையாது.

வெயில் நமக்கு உதவுகிற ஒரு வேலையும் உண்டு. பனை எண்ணெய் மெழுகு மெதுவாக ஆறினால் மேல்பரப்பில் இறகு இறகாகப் படிகம் பூக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் அதற்காக அச்சைச் சூடுபடுத்தி, மேலே பெட்டி கவிழ்த்து, சூடு போகாமல் காப்பாற்றுகிறார்கள். நான் வைகாசி மதியத்தில் 90 டிகிரிக்கு மேல் சூட்டில் ஊற்றிவிட்டு அறைக் கதவைச் சாத்திவிடுவேன். மறுநாள் காலையில் அச்சைப் பிரித்தால் அடியிலிருந்து நுனி வரை படிகம் ஓடியிருக்கும். இதற்கு வேறு அலங்காரமே தேவையில்லை.

உருக்குவதைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாக. மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது. தண்ணீர் கொதிக்கிற பெரிய பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும். தண்ணீர் வற்றாதவரை 100 டிகிரியைத் தாண்டாது. நேரடித் தீயில் மெழுகு 200 டிகிரி பக்கம் போனால் அதன் ஆவி பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரிகிற மெழுகைக் கூரைவரை வீசி எறியும். அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள். மூடி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் நான் மெழுகை அடுப்பில் ஏற்றுவதில்லை, பிள்ளைகளையும் ஏற்ற விடுவதில்லை. மிச்ச மெழுகைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊற்றுவதில் பொறுமைதான் பாதி வேலை. பாரஃபின் இறுகும்போது பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கும். ஓரம் முதலில் இறுகி, நடுவில் இருப்பது கடைசியாக இறுகும்போது உள்நோக்கி இழுக்கும். திரியை ஒட்டி ஒரு பள்ளம் விழும், சில சமயம் மேலே மூடிக்கொண்டு உள்ளே பொந்தாக நிற்கும். பொந்து இருந்தால் சுடர் அங்கே வந்ததும் குளம் மொத்தமும் உள்ளே இறங்கி, திரி வறண்டு திணறும். அதனால் மேல்பரப்பு ஆடை கட்டியவுடன் திரியைச் சுற்றி ஊசியால் குத்திவிட்டு, அதே மெழுகை முதலில் ஊற்றியதைவிட ஐந்து டிகிரி கூடுதல் சூட்டில் மறுபடி ஊற்ற வேண்டும். பெரிய தூணுக்கு இது இரண்டு மூன்று முறை ஆகும். அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே பிளவு ஓடும். அச்சு குளிர்ந்திருந்தாலோ மெழுகு ஆறியிருந்தாலோ பக்கவாட்டில் வளையம் வளையமாகக் கோடு விழும். அதை மட்டும் நம் ஊர்ச் சூடு பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்தது, தோய்த்துச் செதுக்குவது. மார்கழி, தை இரண்டு மாதமும் நான் இதற்காகவே ஒதுக்கிவைத்திருக்கிறேன். காலையில் அறை 22, 23 டிகிரியில் இருக்கும். வேறு மாதங்களில் செதுக்கிய இதழ் நிற்காது.

முதலில் ஆறு மூலை நட்சத்திர அச்சில் வெள்ளைத் தண்டு ஒன்று ஊற்றிக்கொள்ள வேண்டும். நீளமான திரியை மேலே வளையமாக விட்டுவைத்தால் கொக்கியில் மாட்டிக்கொள்ளலாம். பிறகு வண்ணங்கள். பெரிய பட்டறைகளில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஆளுயரத் தொட்டி வைத்திருப்பார்கள். வீட்டில் அதற்கு மெழுகும் இல்லை, இடமும் இல்லை. உயரமான பால் தூக்கில் 75 டிகிரியில் வெந்நீர் நிரப்பி, அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் வண்ண மெழுகை மிதக்க விட்டால் போதும். மெழுகு தண்ணீரைவிட லேசானது, மேலேயே நிற்கும். தண்டு அதன் வழியே இறங்கி ஏறும்போது முழு உயரத்துக்கும் வண்ணம் பூசிக்கொண்டு வரும். எடுத்ததும் பக்கத்து வாளியில் குளிர்ந்த நீரில் ஒரு முக்கு. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த முறை. ஒரு நீர்த்துளிகூட அடுக்குகளுக்கு நடுவில் சிக்கக் கூடாது. பின்னால் எரியும்போது அந்த இடத்தில் படபடவென்று தெறிக்கும்.

இப்படி இருபது, முப்பது அடுக்கு. வெள்ளை நாலைந்து, அரக்கு நாலைந்து, மறுபடி வெள்ளை, பிறகு மாம்பழ மஞ்சள், திரும்பவும் வெள்ளை, கடைசியில் மயில் கழுத்து நிறம். கடைசியாக முக்கியதுதான் வெளியே தெரியும். வெட்டினால் உள்ளே போகப் போக முதலில் முக்கியவை வரிசையாக வெளிவரும். வண்ணம் வண்ணத்தைத் தொடும் இடத்தில் எல்லாம் வெள்ளை ஓட வேண்டும் என்பது என் பழக்கம். அரக்கும் பச்சையும் ஒட்டி நின்றால் இரண்டும் மங்கும். நட்சத்திரத்தின் மூலைகள் அடுக்கு ஏற ஏற மழுங்கும், ஆனால் மறையாது.

முப்பதாவது அடுக்கு முடிந்ததும் நேரம் ஓடத் தொடங்குகிறது. கால் மணி நேரம் இருக்கும். அதுவரை மேலுறை முழுவதும் வெட்டுக்கு இணங்குகிற பதத்தில் இருக்கும். கடந்துவிட்டால் வளைக்கும்போது வெடிக்கும். கொக்கியில் தொங்கவிட்டு, மெல்லிய நீளக் கத்தியால் மூலையின் மேல்பக்கத்தில் தொடங்கி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கீழ்நோக்கி ஒரு பட்டை இழுக்க வேண்டும். முழுதும் அறுக்காமல் அடியில் ஒட்டியபடி விட வேண்டும். பட்டை வாழைப்பூ மடல்போல விலகி வரும். வெட்டு வாயில் வெள்ளை, அரக்கு, வெள்ளை, மஞ்சள், வெள்ளை, நீலம் என்று இழை இழையாகக் கோடு தெரியும். அதைப் பின்னால் சுருட்டி, நுனியைத் தண்டில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அதே இடத்தில் அதன் கீழே இன்னொரு பட்டை, எதிர்ப்பக்கம் சுருட்டி. ஆறு மூலையிலும் ஒரே ஆழம், ஒரே அகலம். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் வெந்நீரில் தோய்த்துத் துடைத்தால் வெட்டு வாய் மினுங்கும். இல்லையென்றால் வண்ணம் இழுபட்டுக் கலங்கும். கை நடுங்காமல் இருப்பதைவிட, முதல் வெட்டுக்கு முன்னால் முழு உருவமும் மனதில் இருப்பதுதான் இங்கே தேவை. யோசிக்க நேரம் கிடையாது.

இதைப் பார்த்துத்தான் எல்லோரும் "எப்படிக் கொளுத்துவது?" என்று கேட்கிறார்கள். இதழ்கள் எரியாது. தண்டுக்கு மட்டும் பொருந்துகிற மெல்லிய திரியை நான் வேண்டுமென்றேதான் போடுகிறேன். சுடர் நடுவில் இறங்கும், குளம் தண்டின் அகலத்தோடு நின்றுகொள்ளும், செதுக்கிய உறை சுற்றிலும் அப்படியே நிற்கும். பாதி எரிந்த பிறகு சுடர் உள்ளிருந்து சுவரை ஒளிரவைக்கும். மெல்லிய இடங்களில் மஞ்சள் கசியும், அரக்கு இருக்கிற இடம் ஆழமாகத் தெரியும். அடுக்குகளை அந்தக் கணக்கில்தான் முக்குகிறேன். ஏற்றாமல் அலமாரியில் வைத்தவர்களுக்கு அந்த நிறங்களில் பாதிதான் கிடைத்திருக்கிறது.

சாயத்தில் ஒரு விதி போதும்: எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம் மட்டும். சமையல் வண்ணம் தண்ணீரில் கரைவது, மெழுகில் புள்ளி புள்ளியாக அடியில் தங்கிவிடும். கிரேயான் துண்டைப் போட்டு நிறம் கூட்டலாம் என்பார்கள். அதிலிருக்கும் நிறமித் தூள் திரியின் இடுக்குகளை அடைத்து, ஒரு மணி நேரத்தில் சுடரைச் சாகடிக்கும். ஜிகினாவும் அப்படியே. உலர்ந்த பூ, இலவங்கப்பட்டை, காப்பிக்கொட்டை பதித்த மெழுகுவர்த்திகள் பார்க்க நன்றாக இருக்கும். குளத்தில் விழுந்தால் ஒவ்வொன்றும் இன்னொரு திரியாகிப் பற்றிக்கொள்ளும். பதிக்கத்தான் வேண்டுமென்றால், சுடர் தொடாத வெளிச்சுவரில் மட்டும், அகலமான தூணில். வாசனை நூறுக்கு ஆறு பங்குக்கு மேல் வேண்டாம், மிஞ்சினால் மெழுகு வியர்க்கும். என் விருப்பம், சாப்பாட்டு மேசையில் வாசனை இல்லாத மெழுகுவர்த்தி, வரவேற்பறையில் லேசாக வெட்டிவேர்.

நம் வீடுகளுக்கென்று கூடுதலாக ஒரு பிரச்சினை உண்டு: தலைக்கு மேல் சுற்றுகிற காற்றாடி. கோடையில் அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆடியில் ஜன்னலைத் திறந்தாலே சுடர் படுத்துவிடும். காற்றில் ஆடுகிற சுடர் ஒரு பக்கச் சுவரை மட்டும் உருக்கி வழியவிடும், எரிந்து முடியாத கரியைக் கக்கும். 2012 வாக்கில் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்சாரம் போனபோது மெழுகுவர்த்திகள் நிமிர்ந்து எரிந்ததற்கு ஒரு காரணம், காற்றாடியும் நின்றுபோயிருந்தது. இப்போது நான் பரிசாகக் கொடுக்க நினைப்பதை முதலிலேயே கூடு வடிவமாகச் செய்கிறேன். அகலமான அச்சில் கெட்டி மெழுகை ஊற்றி, ஒரு சென்டிமீட்டர் சுவர் இறுகியதும் நடுவில் உள்ளதைத் திருப்பிக் கொட்டிவிட வேண்டும். கிடைக்கிற வெற்றுக் கூட்டின் சுவரில் உலர்ந்த வேப்பிலையோ புளிய இலையோ பதித்து, உள்ளே குட்டிக் கண்ணாடிக் குவளையில் தனி மெழுகுவர்த்தி. காற்று சுவரில் மோதி நின்றுவிடும். உள்ளே எரிந்தது தீர்ந்தால் வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். கூடு வருஷக்கணக்கில் இருக்கும். "கொளுத்த மனசு வரல" என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அலங்காரத்தை வைத்துக்கொள்ளுங்கள், சுடரை எரியவிடுங்கள்.

மெழுகுவர்த்தியை ஏற்றவே வாங்குகிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும். அங்கே விற்பவை பெரும்பாலும் அலங்காரமில்லாதவை, நீளமானவை; வாங்கியவர்கள் அநேகமாக அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பதில்லை. வேண்டிக்கொண்டு ஏற்றுகிறார்கள். செய்கிறவளாக அந்தக் கூட்டத்தில் நிற்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கிறிஸ்துமஸுக்குச் செய்யச் சொல்லி வருகிறவர்களும் ஏற்றத்தான் கேட்கிறார்கள். கார்த்திகைக்கு மெழுகு ஊற்றிய மண் அகல் கேட்டால் மட்டும் நான் செய்து தருவதில்லை. சுட்ட மண் மெழுகைக் குடித்து, சூடேறினால் அகலே திரியாகிவிடலாம். அகலுக்கு எண்ணெய்தான் அழகு.

எரிந்த மிச்சம் எதையும் நான் எறிவதில்லை, கொடுத்தவர்களிடமும் திருப்பிக் கேட்பேன். வெள்ளை தனியாக, சிவப்பு மஞ்சள் தனியாக, நீலம் பச்சை தனியாக மூன்று டப்பா. மூன்றையும் சேர்த்து உருக்கினால் சேற்று நிறம் வரும், திருத்த முடியாது. நிறைந்ததும் உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் கரியும் திரித்துண்டும் நின்றுவிடும். இதற்கென்றே ஒதுக்கிய ஒரு குழிப்பணியாரச் சட்டி இருக்கிறது. குழிகளில் ஊற்றி, ஓரம் இறுகி நடு குழைவாக இருக்கும்போது திரியை நட்டால், மேலே தட்டையாகவும் அடியில் உருண்டையாகவும் மிதக்கும் மெழுகுவர்த்திகள் கிடைக்கும். இவற்றுக்குத் தடித்த திரி வேண்டாம். சின்ன அகலம், சின்னச் சுடர். உருளியில் தண்ணீர் நிரப்பி விடும்போது ஒன்றோடொன்று நெருங்கி வந்து சேர்ந்துகொள்ளும், சேர்ந்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று பக்கவாட்டில் உருகிக் கவிழும். இடையில் முழுச் சாமந்திப் பூக்களைக் காம்பு தண்ணீரில் இருக்கும்படி மிதக்கவிடுங்கள், விலகி நிற்கும். உதிர்த்த இதழ்களைத் தூவ வேண்டாம். அவை மெழுகின் மேல் ஏறிக் கருகும்.